ஐந்தோவன் வந்திருக்கும் தங்கைக்கு: வீட்டில் டச்சுக்கு மாற வேண்டாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே. கணவருக்கு நெதர்லாந்தின் ஃபெல்தோவன் ஊரில் வேலை. பக்கத்து நகரமான ஐந்தோவனில் குடியேறி நாலு மாதம் ஆகிறது. நாலு வயது மகன் பள்ளியில் குரூப் 1-இல், அதாவது தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில், வாயே திறப்பதில்லை. ஒன்பது வயது மகள் எப்படியோ சமாளிக்கிறாள். வீட்டிலும் டச்சு பேசிப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வயது முப்பத்தைந்து, இனிமேல் ஒரு புது மொழி மண்டையில் ஏறுமா என்றும் கவலை. "வீட்டில் டச்சுக்கு மாறிவிடலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறாதீர்கள். டீச்சர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார், அவரைக் கோபிக்க ஒன்றுமில்லை. நான் மொழியியல் படித்தவள் இல்லை. என் பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது இதே பயத்தில் தேடித் தேடிப் படித்தவைதான் இதெல்லாம்.

முதலில் மகன். சின்னப் பிள்ளைகள் மொழியை அப்படியே உறிஞ்சிக்கொள்வார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவன் பேசாமல் இருப்பதைப் பார்த்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான். கேத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்நாகல்-ஹோலேயும் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நெதர்லாந்திலேயே ஓர் ஆய்வு நடத்தி 1978-இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் இங்கே வந்து டச்சு பழகுவதை ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தை முதல் பெரியவர்கள் வரை எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். ஆண்டு முடிவில் 8 முதல் 10 வயதுக்காரர்களும் 12 முதல் 15 வயதுக்காரர்களும் முன்னால் நின்றார்கள். எல்லாச் சோதனைகளிலும் கடைசியாக வந்தவர்கள் யார் தெரியுமா? மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். உங்கள் மகன் வயது.

ஆகவே நாலு மாதத்தில் அவன் பேசவில்லை என்பது குறையே இல்லை. புது மொழிக்குள் வந்து விழும் குழந்தைகள் பலர் சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு ஒருநாள் ஆரம்பிப்பார்கள். இந்த வயதில் தொடங்கியவர்கள்தான் கடைசியில், வளர்ந்து ஆளான பிறகு, பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களைப் போலவே பேசுவார்கள். தொடக்கத்தின் வேகம் வேறு, போய்ச் சேரும் இடம் வேறு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழிலும் பேச்சு குறைந்திருந்தால், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், காத்திருக்க வேண்டாம். குடும்ப டாக்டரிடம் சொல்லி காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார். தமிழில் வாயாடியாக இருந்தால், விடுங்கள்.

இப்போது வீட்டு மொழி. இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான், ஆனால் யாரும் பயப்படுவதில்லை.

டச்சை உங்கள் மகனுக்குக் கொடுக்க பள்ளி இருக்கிறது, தெரு இருக்கிறது, நீச்சல் வகுப்பு இருக்கிறது. தமிழுக்கு நீங்கள் இருவர்தான். பக்கத்திலுள்ள ஃபிளாண்டர்ஸில் (பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதி) அனிக் தெ ஹவ்வர் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய 1,900 குடும்பங்களிடம் விசாரித்து 2007-இல் எழுதினார். அப்பா, அம்மா இருவருமே டச்சு அல்லாத மொழியை மட்டும் வீட்டில் பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தில் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். ஒருவர் டச்சு, மற்றவர் தம் மொழி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் சுமார் கால்வாசியில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவே இல்லை. காதில் விழுந்துகொண்டே இருந்தும் பேசவில்லை. ஆக, வீட்டில் பெற்றோரின் பேச்சுக்குள் டச்சு நுழைந்தாலே தமிழின் இடம் ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

முற்றிலும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கொரியாவிலிருந்து மூன்று முதல் எட்டு வயதுக்குள் தத்தெடுக்கப்பட்டு பிரான்சில் வளர்ந்தவர்களை, அவர்கள் பெரியவர்களான பின் கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர் பரிசோதித்தார்கள். 2003-இல் வந்தது. மற்ற மொழிகளுக்கு நடுவே கொரிய வாக்கியம் ஒன்று வந்தால் அது கொரியம் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் எட்டு வயது வரை பேசிய மொழி! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் 2017-இல் இங்கே நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகளை வைத்து ஜியுன் சோய், மிர்யம் ப்ரூர்ஸ்மா, ஆன் கட்லர் மூவரும் செய்த ஆய்வு வந்தது. இவர்களுக்கும் கொரியம் மறந்துபோயிருந்தது. ஆனால் கொரிய மெய்யொலிகளை மறுபடி பயிற்றுவித்தபோது சாதாரண டச்சுக்காரர்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள், ஆறு மாதம்கூட நிரம்பாமல் இங்கே வந்தவர்களும் சேர்த்துத்தான். அடியில் ஏதோ தங்கியிருக்கிறது. அதை நம்பிக் கைவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். ஒலி தங்கினால் போதுமா, பாட்டியிடம் போனில் பேச வேண்டாமா?

யூடியூபில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சியாட்டிலில் பேட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் நேரில் உட்கார்ந்து சீனம் பேசி விளையாடினார்கள், குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதையே வீடியோவில் காட்டினார்கள், ஒன்றும் ஏறவில்லை. உங்கள் பிள்ளைகள் அந்தக் கைக்குழந்தைகள் இல்லை, கொஞ்சம் ஏறும்தான். இருந்தாலும் திருப்பிக் கேள்வி கேட்கும் ஆள் வேண்டும்.

மகள் சமாளிக்கிறாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதல் யோசனை. விளையாட்டு மைதானத்து டச்சு அவளுக்கு ஒன்றிரண்டு ஆண்டில் வந்துவிடும், கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். பாடப்புத்தக டச்சு அப்படி வராது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: பேச்சு மொழிக்குச் சுமார் இரண்டு ஆண்டு, படிப்பு மொழியில் வகுப்புப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து ஆண்டுக்கு மேல். இங்கே தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான குரூப் 8-இலேயே, அதாவது பன்னிரண்டு வயது வாக்கில், வி.எம்.பி.ஓ. (தொழிற்கல்விக்கு), ஹாவோ (பொது உயர்நிலைக் கல்வி), வி.டபிள்யூ.ஓ. (பல்கலைக்கழகத்துக்கு) என்று மூன்று வழிகளில் எதில் போகலாம் என்று பள்ளி பரிந்துரைத்துவிடும். அவளுக்கு அதற்குள் கிடைப்பது இரண்டு மூன்று ஆண்டுதான். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தும் கேள்வியின் டச்சு புரியாமல் மதிப்பெண் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பு உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள். நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அவள் தமிழில் வாசிப்பாள் என்றால் அதையும் நிறுத்த வேண்டாம். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் புரிந்துகொண்டவள் டச்சில் பெயரை மட்டும் கற்றால் போதும்.

சரி, நீங்கள். வயது ஒரு தடைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஹார்ட்ஸ்ஹோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் 2018-இல் ஏறக்குறைய 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண விடைகளை அலசி, கற்கும் திறன் 17 வயது வாக்கில் சரியத் தொடங்குகிறது என்றார்கள். அதே தரவை இங்கே நெய்மேகன் நகரத்து ஆய்வாளர்கள் 2022-இல் மறுபடி பார்த்து, தாமதமாகத் தொடங்கியவர்களிடம் திடீர்ச் சரிவு என்று சொல்ல முடியாது, மெல்ல மெல்லக் குறைகிறது என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. எப்படியிருந்தாலும் அது பிறவிப் பேச்சாளர் போல ஆவதைப் பற்றிய கணக்கு. உங்களுக்கு வேண்டியது பள்ளிக் கூட்டத்தில் மகனைப் பற்றிப் பேசுகிற அளவு. அதற்கு வயது தடையில்லை. வீட்டுக்கு டச்சில் huis என்கிறார்களே, அதில் வரும் அந்த உயிரொலி உங்களுக்கு நன்றாக வராமலேயே போகலாம், எனக்கும் இன்றுவரை வரவில்லை. போகட்டும், அவர்களுக்கும் நம் பெயரில் உள்ள 'ட'வும் 'த'வும் ஒன்றாகத்தான் கேட்கின்றன.

உங்கள் எதிரி வயது அல்ல, ஆங்கிலம். நீங்கள் தட்டுத் தடுமாறி ஒரு டச்சு வாக்கியம் தொடங்கியதும் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். மரியாதைக்காகத்தான், ஆனால் உங்கள் பயிற்சி அங்கேயே செத்துவிடும். சிரித்துக்கொண்டே டச்சில் தொடருங்கள். பேச்சு மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். ரிச்சர்ட் ஷ்மிட் 1983-இல் ஹவாயில் வாழ்ந்த ஒரு ஜப்பானிய ஓவியரைப் பற்றி எழுதினார். மனுஷன் ஆங்கிலத்தில் கலகலப்பாகப் பேசுவார், நண்பர்கள் நிறைய, இலக்கணம் மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. பெரியவர்களுக்கு யாராவது பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும், நாமும் அதைக் கவனிக்க வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு பேச்சுப் பழக்கம், இரண்டும் வையுங்கள். நூலகங்களில் தால்காஃபே என்று நடக்கும், காபி குடித்துக்கொண்டே டச்சு பேசலாம், காசு வாங்குவது அபூர்வம். போகும்போது உங்கள் கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். நாள் முழுக்க அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுகிறவர்கள், பத்து ஆண்டு கழித்தும் பள்ளிக் கடிதத்தை மகளிடம் நீட்டி வாசிக்கச் சொல்கிறார்கள்.