ஆறு பேர் பார்த்த வேலையை ஒருவராகப் பார்க்கிறீர்கள்

கேள்வி: கணவரின் வேலைக்காக நான்கு மாதங்களுக்கு முன் வெளிநாட்டில் குடியேறினோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. ஊரில் வாய் ஓயாமல் பேசுகிறவள் இங்கே பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லையாம். 'வீட்டிலும் இந்த நாட்டு மொழியிலேயே பேசுங்கள், சீக்கிரம் பழகிவிடுவாள்' என்கிறார் ஆசிரியை. பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். நான் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறான். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கணவர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 7 ஆகிறது. தினமும் வீடியோவில் மாமியார், 'பிள்ளைங்க இளைச்சுப் போச்சே' என்கிறார். ஊரில் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வேலைக்கும் போனவள் நான். இங்கே வீட்டில் சும்மா இருந்தும் எதையும் சமாளிக்க முடியவில்லை. இரண்டு பெட்டிகளை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? பேசாமல் திரும்பிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழிக்கு,

'வீட்டில் சும்மா இருந்தும்' என்ற இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை முதலில் சரிசெய்துவிடுவோம்.

ஊரில் உங்கள் ஒரு நாள் எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் குளிக்கும்போது பையனை இடுப்பில் வைத்திருந்தது யார்? பள்ளி வேன் வந்து நிற்கும்போது மகளின் ஒற்றை ஷூவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது யார்? அவள் காய்ச்சலில் கிடந்த நாளில் நீங்கள் அலுவலகம் போக முடிந்தது யாரால்? தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, வீட்டு வேலைக்கு வந்தவர், மாடிப்படியில் விளையாடக் கிடைத்த இரண்டு பிள்ளைகள் என்று எழுத எழுதப் பட்டியல் நீளும். குறைந்தது ஆறு பேராவது வருவார்கள். விமானத்தில் நீங்கள் நான்கு பேர் மட்டும் ஏறினீர்கள். அந்த ஆறு பேரும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள், ஆனால் அவர்கள் பார்த்த வேலை உங்களோடு வந்துவிட்டது. நீங்கள் திறமை குறைந்து போகவில்லை. வீட்டில் ஆள் குறைந்துவிட்டது.

இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. ஆள் குறைவு என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். 'நான் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்' என்று தினமும் காலையில் உறுதி எடுத்து, மத்தியானத்துக்குள் அதை உடைத்து, ராத்திரி அழுவதற்குப் பதில் ஆள் சேர்க்கப் பார்க்கலாம்.

அதற்கு முன் மகள் விஷயம். உங்களுக்கு அதிகம் பயம் தருவது அதுதான் என்று தெரிகிறது.

புது மொழிக்குள் போய் விழுந்த சின்னக் குழந்தைகள் முதலில் பேசாமல் இருப்பது மிகச் சாதாரணம். மொழி ஆய்வாளர்கள் இதை 'மௌனக் காலம்' என்பார்கள். சில குழந்தைகளுக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். வாய் மூடியிருந்தாலும் காது வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கும். என் மகனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது நாங்களும் மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்தோம். வகுப்பில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வானாம், அவ்வளவுதான். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் வாசலில் ஆசிரியை ஓடி வந்து, 'இன்று பேசிவிட்டான்' என்றார். ஊஞ்சல் வரிசையில் ஒரு பையன் குறுக்கே நுழைந்தபோது, 'இப்ப என் முறை' என்று அந்த ஊர் மொழியில் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறான். 'இத்தனை நாள் ஏன்டா பேசல?' என்று கேட்டேன். 'இத்தனை நாள் யாரும் என் ஊஞ்சலை எடுக்கலையே' என்றான்.

ஆகவே 'இன்னிக்குப் பேசினியா?' என்று தினமும் பள்ளி வாசலில் கேட்பதை நிறுத்துங்கள். 'யார் பக்கத்தில் உட்கார்ந்தே?' என்று கேட்கலாம். வீட்டில் நாலு வாக்கியங்களை மட்டும் விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்: கழிப்பறைக்குப் போகணும், தண்ணீர் வேணும், வயிறு வலிக்குது, எனக்குப் புரியல. இந்த நாலுக்கும் படம் வரைந்த சின்ன அட்டைகளையும் பையில் போட்டு அனுப்புங்கள். வாய் வராத நாளில் அட்டையைக் காட்டலாம் என்று ஆசிரியையிடமும் சொல்லி வையுங்கள். ஆறு வயதுக் குழந்தை, கேட்கத் தெரியாமல் மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மொழிப் பிரச்சினையில் எனக்குப் பெரிய கவலை. இலக்கணம் பிறகு வரும்.

வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும். ஆசிரியை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். டொரோண்டோவில் இருந்து இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் சொல்வதன் சாரம் இது: விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி குழந்தைக்குச் சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி நன்றாகப் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம், தாய்மொழியில் யோசித்துப் பழகியது வீணாகாமல் புது மொழிக்கும் கைகொடுக்கும். மகள் கேட்கும் 'ஏன்', 'எப்படி' கேள்விகளுக்கு நீங்கள் தமிழில் ஐந்து நிமிடம் விளக்க முடியும். அதையே உங்களுக்கே தடுமாறுகிற ஒரு மொழியில் சொல்லப் போனால் 'அப்புறம் சொல்றேன்' என்பதில் முடியும். பள்ளியில் பேச்சை இழந்து வருகிறவளுக்கு வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிடக் கூடாது. தவிர, ஊரில் பத்து வாயிலிருந்து தமிழ் கேட்டவளுக்கு இப்போது இருப்பது இரண்டே வாய். அதையும் மூடச் சொன்னால் எப்படி?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்னும் ஒரு வருடத்தில் இதே பெண் நீங்கள் தமிழில் கேட்பதற்கு அந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். தம்பியிடமும் அதையே பேசுவாள். மூத்த பிள்ளை வழியாகத்தான் பெரும்பாலும் பள்ளி மொழி வீட்டுக்குள் வரும். இன்று அவள் பேசவில்லை என்று அழுகிற நீங்கள் அன்று தமிழ் பேசவில்லை என்று எனக்கு எழுதுவீர்கள். சண்டை போடாமல் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள், போதும். மருத்துவரிடமும் வங்கியிலும் அவளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். பல நாடுகளில் மருத்துவமனையும் பள்ளியும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவார்கள், கேட்கத்தான் வேண்டும்.

வீட்டில் உங்களிடமும் பேச்சு குறைந்தால், முன்பு ஆசையாக விளையாடியதைத் தொடாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் அது வேறு. அப்போது குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பையனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வயதில் வீடு, கட்டில், பாட்டி எல்லாம் ஒரே நாளில் மறைந்துபோனால் மிச்சம் இருக்கிற ஒருத்தியை யார்தான் கண்ணை விட்டு விலகவிடுவார்கள்? படுக்கை நனைவதும் அந்தக் கணக்கில்தான் வரும். திட்டாதீர்கள், அக்காவோடு ஒப்பிடாதீர்கள், ராத்திரியில் மட்டும் மறுபடி டயப்பர் போடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல், வலி, அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் மட்டும் உடனே காட்டிவிடுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். விட்டுப்போனது உண்டா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாமியாருக்குப் பயன்படும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இனி ஆள் சேர்க்கும் கதை. முதல் ஆள் வீட்டிலேயே இருக்கிறார், இரவு 7 மணிக்கு வருகிறார். அவரும் புது அலுவலகம், புது மொழி, இந்த வேலை போனால் எல்லோருடைய விசாவும் போகும் என்ற பயம் எல்லாவற்றோடும்தான் வருகிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று வேலைகள் முழுக்க அவருடையதாக வேண்டும். 'உதவி' என்று சொல்லாதீர்கள், அவருடைய வேலை என்றே சொல்லுங்கள். பிள்ளைகளைப் படுக்க வைப்பது ஒன்று. பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் போடுவது இன்னொன்று. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் இரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போவது மூன்றாவது. முதல் சனிக்கிழமை பையன் வாசல் வரை கத்துவான். நீங்கள் கூடவே கிளம்பிப் போய்விடாதீர்கள். ஒருவர் சட்டையை இன்னொருவருக்கு மாற்றிப் போட்டுக் கூட்டி வருவார், போகட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டைத் துடைக்காதீர்கள். மொழி வகுப்பில் சேருங்கள், இல்லை சும்மா நடந்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு அந்த ஊர் மொழியில் பேச ஒரு மனிதர் வேண்டும், அவர் உங்கள் பிள்ளைகளின் ஆசிரியையாக மட்டும் இருக்கக் கூடாது.

அப்புறம் வெளி ஆட்கள். எனக்குப் பலித்த ஒரே தந்திரம் இதுதான்: தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவது. பூங்காவென்றால் அதே பெஞ்சு. பொது நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் இருந்தால் வாரம் தவறாமல் அங்கே. முதல் வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது வாரம் தலையசைப்பார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தி, 'உங்கள் பையனுக்கு எத்தனை வயது?' என்பாள். வெவ்வேறு இடமாகச் சுற்றினால் தினமும் முதல் வாரம்தான். நம் மக்கள் கூடும் இடங்களுக்கும் போங்கள், ஆனால் 'எங்க பையன் மூணே வாரத்தில் பேசிட்டான்' என்கிற ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். அவரிடம் சிரித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிடுங்கள்.

இதில் ஒரு ஆள் மிக அவசரமாகத் தேவை. நடு ராத்திரியில் பையனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இருவரும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால், தூங்கும் மகளை யாரிடம் விடுவீர்கள்? இன்று பதில் இல்லையென்றால் இந்த மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகவே கேளுங்கள், பதிலுக்கு நீங்களும் அதையே செய்வதாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்த நாட்டு அவசர எண்ணையும் உங்கள் முகவரியையும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், மகளுக்கும் மனப்பாடம் செய்ய வையுங்கள். பதற்றத்தில் நமக்கே வீட்டு எண் மறந்துபோகும்.

மாமியாருக்கு வருவோம். அவரும் இரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் தொலைத்தவர்தான். அந்தத் துக்கம் 'இளைச்சுப் போச்சே' என்று வெளியே வருகிறது. அடுத்த முறை மருத்துவர் எழுதிய எடையை எண்ணாகவே சொல்லிவிடுங்கள். எண்ணோடு சண்டை போடுவது கஷ்டம். பிள்ளைகளைக் கேமரா முன் நிறுத்தி 'பாட்டிகிட்டப் பேசு, சொல்லு' என்று விரட்டுவதை விட்டுவிடுங்கள், மூன்று வயதுக்காரனுக்குத் தொலைபேசியில் பேச விஷயமே கிடையாது. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் பாட்டியை ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அவன் தரையில் கார் ஓட்டிக்கொண்டே கேட்பான். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. இப்படிச் செய்தால் விட்டுவந்த ஆறு பேரில் ஒருவரைத் தினமும் இருபது நிமிடம் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டது போல. அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் குளிக்கலாம்.

திரும்பிவிடலாமா என்றால், இன்று அந்த முடிவை எடுக்காதீர்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960-ல், வேற்று நாட்டில் குடியேறுகிறவர்களுக்கு வரும் அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், அப்புறம் ஒரு கட்டம் வரும்: ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரை நினைத்துக் கவலைப்படுவது, சின்னத் தாமதத்துக்கும் கொதிப்பது, ஊருக்கு ஓடிவிட வேண்டும் என்ற தாங்க முடியாத ஏக்கம். அப்புறம்தான் மெல்லத் தெளியும். நான்காவது மாதம் என்பது பலருக்கு அந்தக் கட்டத்தின் நட்ட நடு. பள்ளி ஆண்டு முடியும் நாளைக் காலண்டரில் குறித்து, அன்று இருவரும் உட்கார்ந்து பேசுவது என்று வையுங்கள். அதுவரை ராத்திரிப் பேச்சில் அந்த விஷயம் வேண்டாம். அன்று 'திரும்பலாம்' என்று முடிவானால் தாராளமாகத் திரும்புங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. அதற்கு முன்பே உங்களுக்குத் தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு பெட்டிகளை இந்த வாரமே பிரித்துவிடுங்கள். பிள்ளைகளின் சாமான் இருக்கும் பெட்டியை முதலில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. எதை எங்கே வைப்பது என்று அவள் சொல்லட்டும். காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பையன் ஒரு மாதம் அதற்குள்ளேயே குடியிருப்பான்.