கீமோ நேரத்தில் காய்ச்சல் வந்தால்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. வெள்ளையணு குறைந்திருக்கிறதாம். பார்க்க வரும் சொந்தக்காரர்களைத் தடுக்கலாமா? காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகத் தடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள்தான், கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளையணு ரொம்பக் குறையும். அப்போது சளி, இருமல் உள்ளவர், பேரப்பிள்ளையே ஆனாலும், பக்கத்தில் வர வேண்டாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். காய்ச்சல் விஷயம்தான் முக்கியம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கிவிடும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும். வெள்ளையணு இல்லாதபோது சீழ், வீக்கம்கூடச் சரியாகத் தெரியாது, பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அப்புறம், கடைச் சட்னி வேண்டாம், வீட்டில் சுடச்சுட இட்லி கொடுங்கள்.