சேஃப்டி படிக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

மணலி பக்கம் ஒரு ரசாயன ஆலையில் சேஃப்டி பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். முதலில் பி.இ. கெமிக்கல், பிறகு சில வருஷம் உற்பத்திப் பிரிவு, அதற்கப்புறம்தான் எம்.இ. இண்டஸ்ட்ரியல் சேஃப்டி, அதாவது தொழிலகப் பாதுகாப்பு. கவுன்சலிங் சமயம் என்பதால் ஒரே மாதிரியான கேள்விகள் குவிந்துவிட்டன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். கோர்ஸ் விற்பவர்கள் யாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, அதனால் வெளிப்படையாகவே பேசலாம்.

மேடம், பிளஸ் டூ முடிச்சிருக்கேன். பி.இ. சேஃப்டி அண்ட் ஃபயர் எடுக்கவா, இல்ல மெக்கானிக்கல் படிச்சிட்டு எம்.இ.ல சேஃப்டி போகவா? (ஓசூர்)

எனக்குக் கேட்டால் இரண்டாவது வழி, தம்பி. காரணம் சொல்கிறேன். ஆலையில் ஒரு ரியாக்டரில் அழுத்தம் ஏறுகிறது, ரிலீஃப் வால்வின் அளவு போதாது என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புரொடக்‌ஷன் மேனேஜர் உடனே "எந்தக் கணக்கில் சொல்றீங்க?" என்று கேட்பார். அந்த இடத்தில் உங்கள் கையில் தெர்மோடைனமிக்ஸ் இருக்க வேண்டும். சட்டப் பிரிவு எண்ணை ஒப்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுவார்கள். மெக்கானிக்கலோ கெமிக்கலோ படித்தவர்களுக்கு இன்னொரு வசதி: சேஃப்டி பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போக ஒரு வழி இருக்கும்.

நேரடியாக பி.இ. சேஃப்டிதான் என்று முடிவு செய்துவிட்டால் அதுவும் தவறில்லை. கொச்சி பல்கலைக்கழகமான குசாட் இந்தப் பட்டத்தைப் பல வருஷமாக நடத்துகிறது, அங்கே படித்தவர்கள் எண்ணெய் நிறுவனங்களில் நிறைய இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சமீப வருஷங்களில்தான் பல கல்லூரிகள் தொடங்கியிருக்கின்றன. சேருமுன் நேரில் போய் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் டிடெக்டரும் சவுண்ட் லெவல் மீட்டரும் டப்பா பிரிக்காமல் அலமாரியில் இருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். ஆலையில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

அக்கா, டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரு இன்ஸ்டிட்யூட்ல நெபோஷ், ஐயோஷ், ஓஷா 30 மணி நேரம் மூணும் சேர்த்து ஆஃபர் விலைக்குத் தர்றாங்க. இது இருந்தா சேஃப்டி ஆபீசர் ஆயிடலாம்னு சொல்றாங்க. நிஜமா? (திருச்சி)

எந்த நாட்டில் ஆகலாம் என்பதை அவர்கள் சொல்லவில்லை, பாருங்கள்.

நெபோஷ் என்பது 1979-இல் தொடங்கிய பிரிட்டன் தேர்வு வாரியம். அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழை வளைகுடாவில் கேட்கிறார்கள், பாடமும் நல்ல பாடம்தான். ஆனால் அது பட்டம் கிடையாது. ஐயோஷ் என்பது பிரிட்டனின் பாதுகாப்பு வல்லுநர்கள் அமைப்பு. ஓஷா என்பது அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பு. அதன் பெயரில் நடக்கும் 30 மணி நேர வகுப்பு வெறும் விழிப்புணர்வுப் பயிற்சி. அந்த அட்டையைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க ஓஷாவே சொல்கிறது.

இந்தியத் தொழிற்சாலையில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் ஆவது தனிக் கதை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவை ஒட்டி மாநிலங்கள் விதி எழுதின. ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் கேட்பது இதுதான்: பொறியியல் பட்டம் என்றால் ஆலையில் 2 வருஷ மேற்பார்வை அனுபவம், டிப்ளமோவோ இயற்பியல், வேதியியல் பட்டமோ என்றால் 5 வருஷம். இதோடு மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். அந்த இரண்டாவது தகுதிக்குப் பலரும் எடுப்பது அடிஸ் எனப்படும் ஒரு வருஷ மேற்பட்டயப் படிப்பு. மும்பை சயானில் உள்ள மத்திய தொழிலாளர் நிறுவனமும், சென்னை தரமணி உட்பட மண்டல நிறுவனங்களும் நடத்துகின்றன. நீங்கள் இப்போது எந்த ஆலையில் இருந்தாலும், மேற்பார்வைப் பொறுப்பு என்று அனுபவச் சான்றிதழில் எழுத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 5 வருஷம் உழைத்துவிட்டு அந்த ஒரு சொல் இல்லாமல் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை வளைகுடாவில்தான் என்றால் நெபோஷ் எடுங்கள். மூன்றையும் கட்டாக வாங்க வேண்டாம்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவ. சேஃப்டில கணக்கு வருமா? சட்டம் மட்டும்தான்னு ஒருத்தர் சொன்னார். (சிவகாசி)

அவர் பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 90 டெசிபெல் தரும் இயந்திரம் ஒன்று ஓடுகிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றைப் போட்டால் எவ்வளவு? 180 இல்லை, 93. பத்து இயந்திரம் ஓடினால் 100. மடக்கைக் கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பத்தில் ஐந்தை நிறுத்தினாலும் மீட்டரில் 3 டெசிபெல்தான் குறையும். "பாதி மெஷினை நிறுத்தியாச்சு மேடம்" என்று வருபவருக்கு இதைப் புரியவைக்கக் கணக்கு வேண்டும்.

அடுத்து, ஒருவர் எவ்வளவு நேரம் அங்கே நிற்கலாம்? நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல். அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நையோஷின் பரிந்துரை 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். அதாவது 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. சோமனூர் பக்கம் தறிக்கூடத்துக்குள் நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் தெரியும். இது போக வென்டிலேஷன் கணக்கு, விபத்தின் காரணங்களைக் கிளை பிரித்துப் பார்க்கும் ஃபால்ட் ட்ரீயில் நிகழ்தகவு, தீப்பற்றும் வரம்பு எல்லாம் உண்டு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் பற்றும். 15-ஐத் தாண்டிவிட்டது, இனி பற்றாது என்று நிம்மதியாக இருக்க முடியுமா? கதவைத் திறந்து காற்று உள்ளே வந்தால் அளவு இறங்கிவந்து மறுபடி அந்த வரம்புக்குள் நுழையும். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது.

கெமிஸ்ட்ரி உங்களுக்குப் பெரிய பலம்மா. எம்.இ.-க்கு பொறியியல் பட்டம் வேண்டும், அந்தப் படிப்பு உங்கள் ஊரிலேயே மெப்கோ கல்லூரியில் இருந்தாலும் உங்களுக்குத் திறக்காது. 5 வருஷ ஆலை அனுபவமும் அடிஸும்தான் உங்கள் வழி. பட்டாசுத் தொழிலில் வேதியியல் தெரிந்தவர்களின் தேவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் அறைக்கு 4 பேர் என்ற வரம்பு எதற்கு, மருந்து கலக்கும் வேலையை ஏன் வெயில் ஏறுமுன் முடிக்கச் சொல்கிறார்கள் என்று காரணத்தோடு விளக்க ஆள் வேண்டும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடி விபத்து உங்கள் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது.

எந்தப் பேப்பரை எடுத்தாலும் போபால், போபால்னு வருதே. 40 வருஷம் முந்தின கதை இப்ப எதுக்கு? (சேலம், பி.இ. மூன்றாம் ஆண்டு)

எதுக்குன்னா, ஒரே இரவில் எத்தனை தடுப்புகள் கைவிடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1984 டிசம்பர் 2 இரவு, போபாலின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலை. ஈ610 என்ற தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம். உள்ளே தண்ணீர் புகுந்தது, ரசாயனம் சூடேறி நச்சு வாயுவாக வெளியேறியது. தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதில் இன்றும் வாதம் உண்டு, அதை விடுங்கள். அதற்குப் பின் என்ன இருந்தது என்று மட்டும் வரிசையாகப் பாருங்கள். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய ஃபிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் இருந்தது. முழுசாக ஓடியிருந்தாலும் அந்த வேகத்தைத் தாங்கியிருக்காது. தண்ணீர்ப் பீய்ச்சிகளின் நீர், வாயு வெளியேறிய உயரத்தை எட்டவே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் அன்று ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். செலவு குறைப்பு, பராமரிப்பு, ஆலைதான் ஓடவில்லையே என்ற எண்ணம். காகிதத்தில் நான்கு தடுப்பு, களத்தில் ஒன்றுமில்லை. ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் அமைப்புக்கு இன்டர்லாக் என்று பெயர். நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகும் ஆலையில் "இந்த இன்டர்லாக்கைத் தற்காலிகமா பைபாஸ் பண்ணியிருக்கோம்" என்று ஒரு சீட்டு தொங்கும். எந்தத் தேதியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். நான் எந்த ஆலைக்கு ஆடிட் போனாலும் முதலில் கேட்பது அந்த பைபாஸ் பதிவேட்டைத்தான்.

இன்னொன்று. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 4ஏ அத்தியாயம் முழுக்க அந்த இரவின் விளைவு. அபாயத் தகவலைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டும், உடனடி ஆபத்து என்று தோன்றினால் எச்சரிக்கத் தொழிலாளிக்கே உரிமை உண்டு என்பதெல்லாம் அதில்தான் வந்தது. போபால் இல்லாமல் படித்தால் அந்த அத்தியாயம் வெறும் மனப்பாடம்.

புதுச் சட்டம் வந்துட்டதே, தொழிற்சாலைகள் சட்டத்தைப் படிச்சு என்ன பிரயோஜனம்? (மதுரை)

2020 தொழில்சார் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் படிக்க வேண்டியதுதான். முரண்படாத அளவுக்குப் பழைய விதிகள் தொடரும், நீங்கள் புரட்டப்போகும் பழைய கோப்புகள் எல்லாம் பழைய பிரிவு எண்ணில்தான் இருக்கும். உங்களுக்கு முக்கியமானது 22-ஆம் பிரிவு. சேஃப்டி ஆபீசர் வைக்க முன்பு 1000 தொழிலாளர் என்றிருந்த வரம்பு இப்போது 500. அபாயகரமான செய்முறை உள்ள ஆலைக்கும் கட்டுமானப் பணிக்கும் 250, சுரங்கத்துக்கு 100. சேஃப்டி ஆபீசர் வைத்தே ஆக வேண்டிய இடங்கள் கூடுகின்றன, படிப்பவர்களுக்கு நல்ல சேதி.

என் மகள் இந்தப் படிப்பில் சேரணும்னு ஒத்தைக்காலில் நிற்கிறாள். ஆலை, நைட் ஷிஃப்ட், சைட் என்றெல்லாம் இருக்கே, பெண்ணுக்கு ஒத்துவருமா அம்மா? (கோவை, ஒரு தந்தை)

ஐயா, நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஸ்காஃபோல்டிங்கில் ஏறுவது, புகைபோக்கி மேடையில் நின்று அளவு எடுப்பது எல்லாம் பழகினால் வரும். பிரச்சினை வேறு இடத்தில். பெரிய சைட்டில்கூடப் பெண்களுக்குக் கழிப்பறை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும், கொடுக்கும் ஹார்னெஸும் பூட்ஸும் ஆண் அளவில் இருக்கும். தளர்ந்த ஹார்னெஸ் விழும்போது காப்பாற்றாது, அதனால் அவள் அளவுக்குக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது. இரவு வேலைக்குப் புதிய தொகுப்பின் 43-ஆம் பிரிவு பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் கேட்கிறது. சம்மதமில்லை என்று அவள் சொல்லலாம். சேர்த்துவிடுங்கள்.

சேஃப்டி ஆபீசர்னா ஹெல்மெட் போலீஸ்னு கிண்டல் பண்றாங்களே? (அம்பத்தூர்)

ஹெல்மெட்டை மட்டும் பார்த்துக்கொண்டு திரிந்தால் கிண்டல் செய்யத்தான் செய்வார்கள். பாடத்தில் முதல் செமஸ்டரிலேயே வரும் வரிசை: ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, பிறகு பொறியியல் தடுப்பு, பிறகு நடைமுறை, கடைசியில்தான் கவசம். பாதிப் பேர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பவர் பிரஸ் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும், கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக. ஆபரேட்டர் ஒரு பட்டனை ரப்பர் ட்யூபால் இழுத்துக் கட்டிவைத்திருப்பார். மெமோ கொடுத்தால் அவிழ்ப்பார், நீங்கள் திரும்பியதும் கட்டுவார். ஏன் கட்டினார் என்று கேளுங்கள். பீஸ் ரேட்டாக இருக்கும், அல்லது பட்டன் தோளுக்கு மேலே இருந்து மதியத்துக்குள் கை கடுத்துப்போகும். பட்டனை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டன் போட்டு, கூலிக் கணக்கைப் பற்றி மேலே பேசினால் ட்யூப் தானாகப் போய்விடும். இதை எர்கனாமிக்ஸ் பேப்பரில் படிப்பீர்கள். பலரும் அந்தப் பேப்பரை ஈசி என்று தள்ளிவிடுவார்கள்.

இங்கிலீஷ் வீக். சமாளிக்க முடியுமா?

ரிப்போர்ட் எழுதும் அளவுக்கு வந்தால் போதும். இந்திதான் கற்றுக்கொள்ளுங்கள். சென்னைச் சுற்றுவட்டார சைட்டுகளில் காலை டூல் பாக்ஸ் டாக், அதாவது வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு, கேட்க நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள். பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது சேஃப்டி ஆபீசர் தகுதி விதியிலேயே உள்ளது.

கத்தார்ல இருக்கேன். வேலையை விடாம தபால்ல பி.டெக். சேஃப்டி பண்ணலாமா அக்கா?

வேண்டாம். தொலைநிலையில் படித்த பொறியியல் பட்டத்தைத் தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ ஏற்பதில்லை, பணம் போனது போனதுதான். ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால், பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் தொலைவழியில் நடத்தும் எம்.எஸ்சி. பக்கம் பாருங்கள். ஐயோஷ் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று ஐயோஷ் தளத்திலேயே சரிபாருங்கள், ஏஜென்டிடம் கேட்க வேண்டாம்.

எம்.இ. கடைசி வருஷம். புராஜெக்ட் தலைப்பு சொல்லுங்க மேடம். (வேலூர்)

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்திலேயே இருக்கிறதே! தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறங்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சேறு கிளறப்படும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வாக்கில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு, இறங்கலாம்" என்பவர் அந்த நிமிடம்தான் சாகப்போகிறார். காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது, மூன்றாவது ஆளும் கூடவே போகிறார்கள்.

மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் கயிற்றில் டிடெக்டரை இறக்கி அளவு எடுங்கள், கிளறுவதற்கு முன்னும் பின்னும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே எந்த மட்டத்தில் போகிறது, ப்ளோயர் ஓடவிட்டால் எத்தனை நிமிடத்தில் மீள்கிறது என்று வரைபடம் போடுங்கள். இறங்காமலே சேறு எடுக்கும் பம்ப்புக்கு என்ன செலவாகும் என்ற கணக்கையும் சேர்த்தால் முதலாளியே படிப்பார். அளவெல்லாம் மேலிருந்தே. ஆலையின் என்ட்ரி பெர்மிட்டும் கூட ஓர் ஆளும் இல்லாமல் தொட்டி விளிம்புக்குக்கூடப் போக வேண்டாம்.

எம்.இ.-க்கு கேட் கட்டாயமா?

திருச்சி என்ஐடியின் எம்.டெக். இண்டஸ்ட்ரியல் சேஃப்டிக்கு கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் கேட் இல்லாதவர்கள் சீட்டா பிஜி என்ற தமிழக நுழைவுத் தேர்வை எழுதிச் சேரலாம். எந்தெந்த பி.இ. கிளைகளை ஏற்கிறார்கள் என்ற பட்டியலை விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள்.