மெல்லிய வயர் ஏன் சுடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: தடித்த வயரோடு மெல்லிய வயரைச் சேர்த்தால், மெல்லியதில் கரண்ட் குறைவாகத்தானே போகும்?

இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருந்தால் இரண்டிலும் ஒரே கரண்ட்தான். வாய்க்கால் ஓரிடத்தில் குறுகினால் தண்ணீர் குறைவதில்லை, வேகமாக ஓடுகிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் போகும்போது எலக்ட்ரான்கள் நொடிக்கு முக்கால் மில்லிமீட்டர் நகரும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.3 மி.மீ.தான். ஆனால் மெல்லிய பகுதிக்குத் தடை அதிகம், அதனால் அங்கேதான் சூடு ஏறும். குண்டு பல்பில் ஒயரும் இழையும் சுமப்பது ஒரே கரண்ட். வெளிச்சம் வருவது இழையில் மட்டும்.

கேள்வி: விட்டம் இரண்டு மடங்கானால் தடை பாதியாகுமா?

கால் பங்காகும். கணக்கு குறுக்குவெட்டுப் பரப்பில். கடையில் '2.5 ஸ்கொயர்' என்று கேட்பதும் பரப்பைத்தான், அதாவது 2.5 சதுர மி.மீ.

கேள்வி: கிணறு 50 மீட்டர் தள்ளி. 1.5 ஸ்கொயர் வயர். மோட்டார் உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது. மோட்டார் போய்விட்டதா?

முதலில் வயரைப் பாருங்கள். போக 50, வர 50, ஆக 100 மீட்டர் கம்பி. தடை சுமார் 1.2 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 12 வோல்ட் வழியிலேயே போய்விடும், 120 வாட் வயரைச் சுடவைக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது 40, 50 வோல்ட்கூடக் குறையலாம். வோல்டேஜ் குறைந்தால் சுழற்றும் விசை அதைவிட வேகமாகக் குறையும். உறுமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் முனையில் வோல்டேஜை எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். நன்றாக இறங்கினால் 4 ஸ்கொயர் போடுங்கள். இறங்கவில்லை என்றால் அப்புறம் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டரைப் பார்க்கலாம்.

கேள்வி: ஏசி போட்டதும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது. பழைய 1 ஸ்கொயர் வயர். பெரிய எம்சிபி மாட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். எம்சிபி காப்பது ஏசியை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. பெரியதை மாட்டினால் வயர் உருகும்வரை அது சும்மா இருக்கும். இப்படி மாற்றிய ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு வயர் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. விரலால் வளைத்ததும் மேலுறை அப்பளம் போல நொறுங்கியது. ஏசிக்கெனத் தனியாக வயர் இழுத்து, அதற்கேற்ற எம்சிபி போடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. அடுப்பை நேராகச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுங்கள்.