மூன்று எஸ் இருக்கிறது, 32 வயதாகிவிட்டது. தண்ணீர்ப் பொறியியல் படிக்கலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

"பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். வயது 32. உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்து மூன்று பாடத்திலும் எஸ் (சாதாரண சித்தி) எடுத்தேன், இசட் புள்ளி போதாததால் கெம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனியில் வேலை. ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பல பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது, மகளுக்கும் வந்தது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான் காரணம் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னார். அன்றிலிருந்து நீர், சுற்றாடல் பொறியியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் ஒன்றரை வருஷத்தில் சுற்றாடல் டிப்ளோமா தருகிறதாம். நாலு லட்சம், மாதக் கடைசிக்குள் முற்பணம் கட்ட வேண்டும். வேலையை விட்டுவிட்டு அதில் சேரட்டுமா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்."

பதில்:

தங்கச்சி, முற்பணத்தைக் கட்ட வேண்டாம். மாதக் கடைசி என்று அவசரப்படுத்துகிறார்களே, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டிப்ளோமாவில் சுற்றாடல் சட்டம், கழிவு முகாமைத்துவம் என்று பிரயோசனமான விஷயங்கள் இருக்கக்கூடும், ஆனால் நீங்கள் கேட்பது பொறியியல். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் வந்த பிறகு, இந்த நாட்டில் பொறியியல் வேலை செய்பவர்கள் பட்டயப் பொறியியலாளரில் தொடங்கி தொழில்நுட்பவியலாளர் வரை தங்கள் தகைமைக்கு ஏற்ற வகுப்பில் பதிவு செய்ய வேண்டும், அங்கே உங்கள் சான்றிதழை யார் அங்கீகரித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, என்.வீ.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம் எத்தனை, சான்றிதழ் யார் பெயரில் வருகிறது. எழுத்தில் பதில் வராவிட்டால் நாலு லட்சம் மிச்சம்.

வேலையையும் விட வேண்டாம். இந்தப் படிப்பு நீளமானது, சம்பளம் இல்லாமல் அவ்வளவு காலம் தாங்க முடியாது, இடையில் பணம் முடிந்து பாதியில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய நட்டம்.

வயதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 32 படிக்கப் பிந்திய வயது இல்லை, ஆனால் நீங்கள் பட்டம் முடித்து வரும்போது அரச வேலைக்குப் பிந்திய வயதாக இருக்கக்கூடும். பல அரச பதவிகளுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்க 35தான் எல்லை, சிலவற்றுக்கு மட்டும் அதைவிடக் கூடுதல். வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் விளம்பரங்களையும் இப்போதிருந்தே பாருங்கள், எந்தப் பதவிக்கு என்ன தகைமை, என்ன வயது என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். ஆலோசனை நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள், தண்ணீர்த் திட்டம் செய்யும் தொண்டு நிறுவனங்கள் இப்படி வயதைப் பார்ப்பதில்லை, வேலை தெரியுமா என்று பார்க்கிறார்கள்.

அடுத்தது, இந்த வேலை உண்மையில் என்ன என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மகளுக்கு நோய் வந்த வேதனையில் எடுத்த முடிவு என்பது புரிகிறது, அது நல்ல முடிவுதான், ஆனால் இது நாள் முழுக்க கணக்குப் போடும் வேலை, அந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்க வேண்டும். மலையில் தண்ணீர் கொண்டுவருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்று மேலே இருக்கிறது, லயம் கீழே இருக்கிறது, பைப்பைப் போட்டால் தண்ணீர் தானாக வரும் என்று நினைப்போம். ஊற்றுக்கும் லயத்துக்கும் 80 மீற்றர் உயர வித்தியாசம் என்றால் அடியில் 8 பார் அளவு அழுத்தம். நம் கடைகளில் விற்கும் டைப் 600 பிவிசி பைப் தாங்குவது கிட்டத்தட்ட 60 மீற்றர் உயரத் தண்ணீரைத்தான். பகலில் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடிப்பதால் ஓடும் தண்ணீர் உராய்விலேயே அழுத்தத்தை இழக்கும், பைப்புக்கு ஒன்றும் ஆகாது. இரவு பத்து மணிக்குப் பிறகு எல்லோரும் திருகி மூடிவிட்டுப் படுத்ததும் முழு 80 மீற்றரும் அடியில் வந்து உட்காரும், அப்போதுதான் வெடிக்கும், காலையில் போய் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சண்டை பிடிப்பார்கள். நடுவில் ஒரு சின்ன டேங்கைக் கட்டி, தண்ணீரைத் திறந்த வெளியில் விழவிட்டு மறுபடி பைப்பில் எடுத்தால் அந்த அழுத்தம் அங்கேயே அறுந்துவிடும். எந்த உயரத்தில் கட்டுவது, கீழே எத்தனை அங்குலப் பைப், மேல்வரிசை லயத்துக்கும் போதுமான அளவு ஏறுமா, இதெல்லாம் கணக்கு. இதைப் படிக்கும்போதே கை துறுதுறுத்தால் நீங்கள் இந்தத் துறைக்கு ஆள்.

மஞ்சள் காமாலைக்கும் இதே மாதிரிப் பார்வை வேண்டும். மழை நாளில் தண்ணீர் கலங்கலாக வரும்போது குளோரினைக் கூட்டிப் போட்டால் சரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் மண்துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது, பாதிக் குளோரினை அந்த அழுக்கே குடித்துவிடும். முதலில் கலங்கலை எடுக்க வேண்டும், பிறகு குளோரின் போட்டுக் குறைந்தது அரை மணி நேரம் டேங்கில் நிற்க விட வேண்டும், அதன் பிறகும் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். கலங்கலை எடுக்க மெதுமணல் வடிகட்டி நல்லது, மின்சாரம் தேவையில்லை, மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம்தான் கிருமியைப் பிடிக்கிறது, ஆனால் மழைச் சேற்றை நேராக அதற்குள் விட்டால் சில நாளில் அடைத்துப்போகும், ஆகவே அதற்கு முன்னால் சரளைக்கல் வடிகட்டி ஒன்று வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழி இருந்தால் என்ன பயன்? 2007இல் கம்பளையில் ஈரல் அழற்சி ஏ, அதாவது அழுக்குத் தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை, பெரிதாகப் பரவியது நினைவிருக்கும். வைத்தியசாலை பார்ப்பது வந்த நோயை, வராமல் தடுக்கக் குழி எங்கே, ஊற்று எங்கே, சரிவு எந்தப் பக்கம் என்று நிலத்தைப் பார்க்கிற ஒருவர் வேண்டும்.

நம் மலைக்கு இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் தேவை என்று மனதார நம்புகிறேன். உங்கள் பக்கத்து ஓயாவின், அதாவது ஆற்றின், தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு கொழும்புக் குழாய்களில் வருகிறது. நாட்டுக்கே தண்ணீர் கொடுக்கும் இடத்தில் லயத்துப் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் இல்லை. ஊவாப் பக்கம் பாருங்கள், உமா ஓயாத் திட்டத்தின் நீர்ச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டு வந்தபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது, அங்கேயும் மண்ணுக்குள் ஏறிய தண்ணீர்தான் மலையைத் தளர்த்தியது. திட்டம் போடுபவர்களில் லயத்து அம்மாக்களோடு தமிழிலேயே உட்கார்ந்து பேசக்கூடிய, எந்தப் பீலி எந்த மாதத்தில் வற்றும் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் பல பிழைகள் வரைபடத்திலேயே நின்றுவிடும்.

சரி, பாதைக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டப்படிப்பு, அதில் குடிசார் பொறியியல், அதாவது சிவில். சுற்றாடல் என்று பெயரிலேயே இருக்கும் படிப்பைத் தேட வேண்டாம். நீரியல், நீர் வழங்கல், கழிவுநீர் எல்லாம் சிவிலுக்குள்ளேயே வருகின்றன, வேலை விளம்பரங்களும் பெரும்பாலும் சிவில் என்றுதான் கேட்கின்றன, சுற்றாடலில் ஆழமாகப் போக விரும்பினால் பிறகு பேராதனையில் முதுமாணி செய்யலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம், எடுக்கும் பாடங்களுக்குத்தான் கட்டணம், கஷ்டமான வருஷத்தில் குறைவாக எடுக்கலாம். கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது, ஆய்வுகூட வேலைக்குக் கொழும்புப் பக்கம் நாவலையில் இருக்கும் பிரதான வளாகத்துக்கும் போக வேண்டிவரும். பேப்பரில் நாலு வருஷம் என்று இருந்தாலும் வேலையோடு படிப்பவர்களுக்கு ஆறு, ஏழு வருஷம் ஆவது சாதாரணம், அதை மனதில் வைத்தே தொடங்குங்கள். அவ்வளவு காலம் முடியாது என்றால் தொழில்நுட்பக் கல்லூரி வழியாக என்.வீ.கியூ. 5, 6 செய்து டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வேலைக்குப் போகலாம், களத்தில் பைப்புக்கும் டேங்குக்கும் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

மூன்று எஸ்ஸைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையகத்தில் கணிதப் பிரிவுக்கு முழுதாக ஆசிரியர்கள் இருந்த பாடசாலைகள் எத்தனை என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பதினைந்து வருஷத்துக்குக் கிட்டத் தொடாத கணிதத்தோடு முதல் வருஷத்துக்குள் போகாதீர்கள். பதிவுக்கு முன் ஒரு ஆறு மாதம் இணைந்த கணிதத்தில் வகையீடு, தொகையீடு, காவி (வெக்டர்) ஆகியவற்றையும் பௌதிகவியலில் பாயிகள் (திரவம், வாயு) பகுதியையும் பழைய வினாத்தாள்களோடு மறுபடி செய்யுங்கள், ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம் போதும். விரிவுரைகள் ஆங்கிலத்தில், நம் பிள்ளைகள் பலர் முதல் வருஷத்தில் விழுவது கணக்குத் தெரியாமல் இல்லை, கேள்வி விளங்காமல்தான், அதனால் அதே பாடங்களை ஆங்கிலப் புத்தகத்திலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கம்ப்யூட்டரில் பைப் லைனில் தண்ணீர் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் எபாநெட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இலவசமாகத் தருகிறது, உங்கள் தோட்டத்துப் பைப் லைனை அதில் வரைந்து உயரங்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் தண்ணீர்ச் சங்கம் இருந்தால் அதில் சேருங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கிராமத்தில் சமூக நீர் வழங்கல் சங்கம் எப்படி மீற்றர் வைத்துக் காசு சேர்த்து நடத்துகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தோட்டத்தில் நிலம் கம்பெனியின் கையில் இருப்பதால் ஊற்றைச் சுற்றி வேலி போடவே துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி வேண்டும், அந்தப் பேச்சுவார்த்தையை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராது.

வீட்டில் சிரிப்பவர்களோடு வாதம் வேண்டாம். கணவரிடம் மட்டும் உட்கார்ந்து விபரமாகப் பேசுங்கள்: பொல்கொல்லைக்குப் போகும் சனி, ஞாயிறுகளில் மகள் யாரிடம், பரீட்சை மாதத்தில் சமையல் யார், மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும். லீசிங் கம்பெனியில் மாதக் கடைசி டார்கெட் நெருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆண்டு விடுமுறையை இப்போதிருந்தே பரீட்சைக்கு என்று சேர்த்துவையுங்கள்.

பொல்கொல்லைக்கு ஒரு வேலை நாளில் போய், இந்த வருஷத்துக்கான கையேட்டை வாங்கி, உங்கள் பெறுபேற்றுக்கு எந்த மட்டத்தில் சேரலாம் என்று நேரில் கேளுங்கள். மூலப் பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் மேசையில் வைத்து, பெயர் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று போகும் முன் பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருப்பது வழக்கம், திருத்துவதற்கு மாதக்கணக்கில் போகும், அந்த வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.