அபசுரமா, வேறு சுருதியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், வியோலா, செல்லோ) கச்சேரி கேட்டேன். 16ஆம் நூற்றாண்டுப் பாடகர் குழுவுக்கான பாடல் ஒன்றைத் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றி வாசித்தார்கள். அப்புறம் அமெரிக்க இசையமைப்பாளர் பென் ஜான்ஸ்டன் இந்த நான்கு வாத்தியங்களுக்கு எழுதிய நாலாவது குவார்டெட். பியானோவில் இல்லாத நுண்சுரங்கள் இரண்டிலும் வரும் என்று முன்பே சொன்னார்கள். நான் பியானோ படித்தவள். பல இடங்களில் எனக்கு அபசுரமாகவே பட்டது. இதற்கு இசைக் காரணம் உண்டா, வெறும் பரிசோதனையா? இதையெல்லாம் துல்லியமாக வாசிக்கத்தான் முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காரணம் உண்டு. சமரசம் செய்துகொண்டது பியானோதான். 12 அரைச்சுரங்களும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதில் ஸ்தாயியைத் தவிர மற்ற எல்லா இடைவெளிகளும் கொஞ்சம் பிசகியிருக்கின்றன. ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு, என்றால் அதன் மேஜர் தேர்டு (ச–க போன்ற இடைவெளி), 5:4 விகிதப்படி, 550இல் நிற்கவேண்டும். பியானோவில் அது 554ஐத் தாண்டிவிடுகிறது. அந்த ஏயையும் இந்தச் சுரத்தையும் சேர்த்து நீளமாக ஒலிக்கவிட்டால் மேல் ஸ்தாயியில் நொடிக்குப் பதினேழு முறைக்கு மேல் ஒரு படபடப்பு. மேல் சுரத்தை 550க்கு இறக்குங்கள், அது அடங்கிவிடும். அந்தப் படபடப்போடே வளர்ந்த காதுக்கு, அது இல்லாத சுரம் இறங்கியதாகத்தான் கேட்கும்.

வயலினில் விரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், சரி. ஆனால் விரல் வைக்காத தந்திகள் இருக்கின்றனவே! செல்லோவின் தடித்த தந்தி சி. அதிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று சுத்தமான ஃபிஃப்த்களாக, அதாவது ச–ப இடைவெளிகளாக, சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் வரும் வயலினின் ஈ தந்தி அந்த சியோடு ஒட்டாது. கிட்டத்தட்ட 22 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்), அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறியிருக்கும். இது வாசிப்பவர் குறையல்ல, கணக்கே அப்படி. அதனால் பல குழுக்கள் ஃபிஃப்த்களைச் சற்று ஒடுக்கிச் சேர்ப்பதுண்டு. 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடனின் படைப்புகளை வாசிக்கும்போதும் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டு சுரங்களை நகர்த்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்ததும் நியாயமே. இத்தாலிய இசையமைப்பாளர் நிக்கோலா விசென்டினோ 1555இலேயே, ஸ்தாயிக்கு 12 சுரம் போதாது என்று சொல்லி, பண்டைய கிரேக்க நுண்சுரங்களை மீட்கப் புத்தகம் எழுதினார். அதற்கென்றே கட்டைகள் கூடுதலான ஆர்க்கிசெம்பலோ என்ற வாத்தியத்தையும் உருவாக்கினார்.

ஜான்ஸ்டனின் அந்தக் குவார்டெட் 1973இல் எழுதியது. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டு முதலில் ஃபிஃப்த்களிலிருந்து பிறந்த சுரங்களில் மட்டும் வரும். போகப்போக 5:4 போன்ற விகிதங்கள், அப்புறம் 7:4. இந்த 7:4 பியானோவின் மைனர் செவன்த்தைவிட (ச–நி போன்ற இடைவெளி) 31 சென்ட் கீழே. உங்கள் காது உறுத்தியது பெரும்பாலும் இங்கேதான். எனக்கோ அதுதான் அந்தப் படைப்பின் உச்சம். பியானோவில் அந்தச் செவன்த் அடுத்த கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்கு) போகத் துடிக்கும். இங்கே அது அப்படியே அமர்ந்திருக்கும்.

எல்லா நுண்சுர இசையும் இப்படி இல்லை. 1920இல் செக் இசையமைப்பாளர் அலோய்ஸ் ஹாபா எழுதிய குவார்டெட் அரைச்சுரத்தைச் சரிபாதியாக வெட்டிக் கால்சுரம் ஆக்கியது. அதில் என் மனம் அவ்வளவாக ஒட்டவில்லை.

துல்லியமாக வாசிக்க முடியும், உழைப்புதான் கடுமையானது. ஜான்ஸ்டனின் பத்து குவார்டெட்களையும் கெப்ளர் குவார்டெட் என்ற குழு பதிவுசெய்து முடிக்க 2016 ஆகிவிட்டது. ஏழாவதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சுருதிகள். நீங்கள் நாலாவதையே திரும்பக் கேளுங்கள், ஆனால் இம்முறை மெட்டை விட்டுவிட்டு செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். ஏழாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.