நடன அசைவுச் சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பரதநாட்டியத்தில் முதுகலை முடித்துப் பத்து ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு நடன சிகிச்சை அளிக்க இது போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: போதாது. நடன சிகிச்சை என்பது உடல் அசைவின் வழியே மனநலத்தைப் பேணும் சிகிச்சை; நடன வகுப்பு அல்ல. அடவைத் திருத்துவது ஆசிரியரின் வேலை. நோயாளியின் அசைவைத் திருத்தாமல் ஏற்று, அதைத் தம் உடலால் எதிரொலிப்பது சிகிச்சையாளரின் வேலை. 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கிய மரியன் சேஸ் வகுத்த வழி அது. அவர் முதல் தலைவராக இருந்த அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம், ஒருவரைச் சிகிச்சையாளராகப் பதிவு செய்யவே முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையுடன் களப்பயிற்சியும் கேட்கிறது. அடுத்த நிலைச் சான்றுக்கு மேலும் சுமார் 2,400 மணி நேரப் பணி வேண்டும். மாணவியரின் உடல்வாகைப் பற்றி வகுப்பில் கருத்துச் சொல்லும் பழக்கம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: உளவியல் படிக்கிறேன், நடனம் தெரியாது. வரலாமா? (திருச்சி)

பதில்: ஏதேனும் ஒரு நடனத்தைச் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் பெற்றேன். அனோரெக்சியா (எடை கூடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்கும் நோய்) உள்ள பெண்களுக்கு இணையவழி வகுப்பு தொடங்கவிருக்கிறேன். கட்டணம் எவ்வளவு வைக்கலாம்? (கோவை)

பதில்: கட்டணத்தைக் கேட்ட நீங்கள், அந்தப் பெண்கள் மருத்துவரிடம் காட்டிக்கொள்கிறார்களா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தயவுசெய்து தொடங்காதீர்கள். பட்டினியால் மெலிந்தவர்களுக்கு நாடித்துடிப்பும் எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கலாம். உண்டதை வாந்தியெடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். இவை எதுவும் திரையில் தெரியாது. மேலும், இவர்களில் பலர் கலோரியை எரிப்பதற்காகவே ஓயாமல் அசைபவர்கள். வேகமான இசையைப் போட்டு ஆடச் சொன்னால் நோய்தான் வளரும்.

நான் பயிற்சியில் இருந்தபோது, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி முதல் நான்கு அமர்வுகளிலும் அறையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். நானும் பக்கத்தில் நடந்தேன். ஐந்தாம் அமர்வில் சுவரில் சாய்ந்து நின்றாள். சுவர் எங்கெல்லாம் படுகிறது என்று கேட்டதற்குத் தோள்பட்டைகளை மட்டும் சொன்னாள். அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றாள். அன்றைய நாற்பது நிமிடமும், மூச்சு முதுகில் எதுவரை இறங்குகிறது என்று கவனிப்பதிலேயே கழிந்தது. மருத்துவரும் உணவியல் நிபுணரும் உளவியலாளரும் அவளது எடையையும் இரத்தப் பரிசோதனையையும் வாரந்தோறும் பார்த்துவந்ததால்தான் என்னால் அவ்வளவு நிதானமாக இருக்க முடிந்தது. இதை இரண்டு நாளில் யாராலும் கற்றுத்தர முடியாது. முடியும் என்று சொல்லிச் சான்றிதழ் அச்சடிப்பவர்கள்மீது எனக்குள்ள கோபம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிறது.

கேள்வி: இந்தியாவில் இதற்கு அங்கீகாரம் உண்டா? (சென்னை)

பதில்: துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நடன, அசைவுச் சிகிச்சையாளர் இடம்பெற்றிருக்கிறார். ஆனால் உணவுக் கோளாறுக்கென்றே முழுநேர வேலை இங்கு அரிது. மனநலப் பிரிவுகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் தொடங்கவே ஆயத்தமாகுங்கள். பிரிட்டனில்கூட ஓவிய, இசை, நாடக சிகிச்சையாளர்களுக்குச் சட்டபூர்வப் பதிவேடு உண்டு; நடன சிகிச்சையாளர்களுக்குத் தனிச் சங்கத்தின் பதிவேடுதான். வெளிநாட்டில் பணம் கட்டுமுன், அந்தப் பட்டம் எங்கெல்லாம் செல்லும் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அறை இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? (மதுரை)

பதில்: கண்ணாடியைத் திரையிட்டு மூடுங்கள். எடைக்கருவி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை அமர்வைத் தொடங்காதீர்கள்.